வண்டியை விட்டு இறங்குங்கள்



நான் பேச வந்த பொருள் நடை. ஊர் பார்க்க நடக்கும் நடை. சீனி வியாதிக்காக விடியற்காலையில் வாவியைச் சுற்றிக் கைவீசி நடப்பவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு என் மரியாதை. ஆனால் நடக்கும்போது நீங்கள் மணிக்கூட்டைப் பார்க்கிறீர்கள், ஊரைப் பார்ப்பதில்லை. நான் சொல்ல வந்தது மணிக்கூட்டை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு நடக்கும் நடையைப் பற்றி.

இங்கே இருப்பவர்களில் எத்தனை பேருக்குப் பாரிஸில் சொந்தம் இருக்கிறது? லண்டனில்? சூரிச்சில்? கை உயர்த்த வேண்டாம், எனக்குத் தெரியும். மகள் டிக்கெட் அனுப்புகிறாள். நாமும் பெட்டியில் மிளகாய்த்தூளும் கருவாடும் அடைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறோம். போய் என்ன செய்கிறோம்? நடக்கிறோம்! கண்டிச் சந்தையிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போக ஆட்டோ பிடிக்கிற அதே மனிதர், பாரிஸில் லாச்சப்பல் தமிழ்க் கடைகளில் தொடங்கி மொன்மார்த்ர் குன்றின் படிக்கட்டு உச்சி வரை நடக்கிறார். மூச்சு வாங்குகிறது, முணுமுணுப்பு இல்லை. வெனிஸில் கார் ஓடுவதற்குத் தெருவே இல்லை என்று கேட்டு மகிழ்கிறார். ரோமில் ஒரு சந்து திரும்பியதும் திடீரென்று ஒரு நீரூற்று நிற்கிறதே என்று வியக்கிறார். பிராக் நகரத்தில் சார்ள்ஸ் பாலத்தில் நின்று படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்: “1357 இல் கட்டத் தொடங்கிய பாலம், இன்றைக்கும் நடக்கிறோம்!”

நல்லது. போடட்டும். நான் ஒன்று கேட்கிறேன். அந்தப் பாலத்தைக் கட்டத் தொடங்குவதற்குப் பதின்மூன்று வருடங்களுக்கு முன்னால், 1344 இல், எழும்பிய இரண்டு விகாரைகள் நம் கண்டிக்குப் பக்கத்தில், பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் நிற்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வயல் பக்கமாக நடந்து போனவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? இதற்குக் கை உயர்த்தலாம்.

பார்த்தீர்களா? நான் எதிர்பார்த்ததைவிடவும் குறைவு.

ஐரோப்பிய நகரங்களில் நடப்பது ஏன் இன்பமாக இருக்கிறது? குளிர் காற்று என்பார்கள். சுத்தம் என்பார்கள். அவை உண்மைதான், ஆனால் அடிப்படைக் காரணம் வேறு. அந்த நகரங்களின் பழைய பகுதிகள் மோட்டார் வண்டி பிறப்பதற்கு முன்னால், மனிதக் காலை அளவுகோலாக வைத்துக் கட்டப்பட்டவை. கோயிலிலிருந்து சந்தைக்கு எவ்வளவு தூரம்? ஒருவர் சுமையோடு நடக்கக்கூடிய தூரம். தெரு எவ்வளவு அகலம்? எதிர்ப்பக்கத்துக் கடைக்காரரோடு பேசக்கூடிய அகலம். இடையில் வண்டி வந்து கெடுத்தது. கெடுத்ததை அவர்கள் திருத்திக்கொண்டார்கள். கோபன்ஹேகன் நகரத்தில் 1962 இல் முக்கியக் கடைத்தெருவையே வாகனங்களுக்கு மூடினார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். வியாபாரம் படுக்கவில்லை, கூடியது. நடக்கிறவன்தானே கடைக்குள் நுழைவான்? காரில் போகிறவன் கண்ணாடி வழியாகப் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டுப் போய்விடுவான்.

சரி, கண்டி? கண்டியும் காலை அளவுகோலாக வைத்துக் கட்டிய ஊர்தான். இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: நடந்து மட்டுமே வரவேண்டும் என்று திட்டமிட்டு வைத்திருந்த ஊர் இது!

கண்டி ராச்சியத்துக்குக் கோட்டைச் சுவர் எது? கல்லால் கட்டியது குறைவு. காடும் மலையும் ஒற்றையடிப் பாதையும்தான் சுவர். பாதையை அகலப்படுத்த அரசர்கள் விடவில்லை. ஒருவர் பின் ஒருவராக மட்டும் போகக்கூடிய தடம், கணவாய்களில் முள்ளால் அடைத்த கடவத்தை, அவ்வளவுதான். பீரங்கி இழுத்துக்கொண்டு வந்தவர்கள் என்ன ஆனார்கள்? போர்த்துக்கேயர் 1594 இல் தந்துரையில் அழிந்தார்கள். 1638 இல் கன்னொறுவையில், இன்று பேராதனைப் பூங்காவுக்கு ஆற்றின் எதிர்ப்பக்கம் இருக்கிறதே அதே இடத்தில், மறுபடியும் அழிந்தார்கள். ஒல்லாந்தர் 1765 இல் நகரத்துக்குள்ளேயே வந்துவிட்டார்கள், ஆனால் நிலைக்க முடியாமல் திரும்பினார்கள். 1803 இல் ஆங்கிலேயரும் வந்தார்கள், விட்டுப்போன படையைப் பறிகொடுத்தார்கள். 1815 இல் ராச்சியம் விழுந்ததற்கு அரசனுக்கும் பிரதானிகளுக்கும் இடையிலான பகை காரணம், பாதை காரணம் இல்லை. விழுந்த பிறகு ஆங்கிலேயர் செய்த முதல் பெரிய வேலை என்ன? ரோட்டுப் போட்டார்கள். தேசாதிபதி பார்ன்ஸ் காலத்தில், 1820களில், கொழும்பு வீதி மலையேறி வந்தது. 1867 இல் ரயில் வந்தது. கடுகண்ணாவையில் அந்த வீதியைப் போட்ட கப்டன் டோசனுக்கு உயரமாக ஒரு கோபுரம் எழுப்பி வைத்திருக்கிறார்களே, வேனில் போகும்போது எத்தனை பேர் அதைத் தலைநிமிர்ந்து பார்க்கிறோம்?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். கண்டியின் மிகப் பெரிய திருவிழா எது? பெரஹரா. பெரஹரா என்றால் என்ன? நடை! சாட்டை அடிப்பவர் நடக்கிறார், பந்தம் பிடிப்பவர் நடக்கிறார், மேளகாரர் நடக்கிறார், ஆடுபவர் ஆடிக்கொண்டே நடக்கிறார், பேழையைச் சுமந்து யானை நடக்கிறது. தலதா மாளிகையின் ஊர்வலம் முன்னால் போக, நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி என்று நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள் பின்னால் வருகின்றன. கும்பல் பெரஹராவில் தொடங்கி ரந்தோலி முடியும் வரை இந்த ஊரின் தெருக்கள் பாதங்களுக்குச் சொந்தம். வருடத்தில் சில இரவுகளுக்கு நமக்குத் தெரிந்திருக்கிற இந்த உண்மை மற்ற நாட்களில் எப்படி மறந்து போகிறது?

வாருங்கள், கொஞ்சம் நடப்போம். உட்கார்ந்த இடத்திலிருந்தே வரலாம்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் தொடங்குவோம். பஸ்ஸின் புகை, கொண்டக்டர்மாரின் கூவல், வடைக்காரரின் எண்ணெய் வாசம். இந்தக் கோபுரம் யார் கட்டியது? விபத்தில் இறந்துபோன இளம் மகனின் நினைவுக்காக ஒரு முஸ்லிம் தந்தை ஊருக்குக் கட்டிக் கொடுத்தது. 1950 இல் பிரதமர் டீ. எஸ். சேனாநாயக்க திறந்து வைத்தார். நேரம் பார்க்கத் தலை தூக்குகிற நாம் அதில் இருக்கும் பெயரைப் படித்ததுண்டா?

தலதா வீதி வழியாகக் கிழக்கே போவோம். தூண் வைத்த பழைய கட்டடங்கள், மாடி முகப்புகள், கோணத்தில் குவீன்ஸ் ஹோட்டல். அதைத் தாண்டியதும் ஒரு விந்தை காத்திருக்கிறது. செங்கல் கட்டடமாகப் பரிசுத்த பவுல் தேவாலயம் நிற்கிறது, ஆங்கிலப் படையினருக்காக 1840களில் எழுப்பியது. அதன் மதிலை ஒட்டி உள்ளே திரும்பினால் பத்தினி தேவாலயம். பத்தினி யார்? நம் கண்ணகி! மதுரையை எரித்துவிட்டு வந்தவள் இங்கே குளிர்ந்துபோய், அம்மை நோயும் வறட்சியும் தீர்க்கும் தாயாக உட்கார்ந்திருக்கிறாள். கைக்குழந்தையோடு வரும் சிங்களத் தாய்மார் பூத்தட்டை நீட்டுகிறார்கள். அடுத்தது நாத தேவாலயம். நகரத்தில் இன்று நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது அதுவே, பதினான்காம் நூற்றாண்டு. கல் வேலையைப் பாருங்கள், தென்னாட்டுக் கோயிலின் சாயல் அப்படியே தெரியும். பவுல் தேவாலயத்தின் மணிச் சத்தம், பத்தினி கோயிலின் ஊதுவத்தி, மாளிகையின் மேளம், மூன்றும் ஒரே நேரத்தில் கிடைக்கும் இடம் அது. ஐந்து நிமிட நடை. வேனில் போனால் இந்த ஐந்து நிமிடம் என்ன ஆகும்? வாகனத் தரிப்பிடம் தேடுவதிலேயே போய்விடும்.

மாளிகையின் முன்னால் வந்துவிட்டோம். இந்தத் துண்டு வீதியில் இன்று வாகனம் இல்லை, நடக்கலாம், பிள்ளைகள் ஓடலாம், புறாவுக்குச் சோளம் போடலாம். ஏன் வாகனம் இல்லை? 1998 ஜனவரியில் இங்கே குண்டு வெடித்தது. உயிர்கள் போயின. அதன் பிறகுதான் வீதியை வாகனங்களுக்கு மூடினார்கள். யோசித்துப் பாருங்கள், நண்பர்களே! கோபன்ஹேகனுக்கு நடைத்தெரு கிடைத்தது நகரசபைத் தீர்மானத்தால். நமக்கு ஒரேயொரு நடைத்தெரு கிடைத்ததற்குக் குண்டு வெடிக்க வேண்டியிருந்தது. நல்ல நோக்கத்தால் இன்னொரு நடைத்தெரு கிடைக்கக் கூடாதா?

உள்ளே போனால் மகுல் மடுவ. செதுக்கிய மரத்தூண்களின் மேல் நிற்கும் அரசவை மண்டபம், 1783 இல் ராஜாதி ராஜசிங்கன் கட்டத் தொடங்கியது. 1815 மார்ச் 2 ஆம் திகதி ராச்சியத்தை ஆங்கிலேயரிடம் கொடுத்த ஒப்பந்தம் இந்த மண்டபத்தில்தான் வாசிக்கப்பட்டது. தூணில் கை வைத்து நில்லுங்கள். எண்கோண மாடத்தைப் பாருங்கள், முகில் போல வளைந்து வளைந்து ஓடும் சுவரைப் பாருங்கள், அதற்கப்பால் வாவியைப் பாருங்கள். மூன்றும் ஒரே அரசன் காலத்து வேலை. கட்டியவன் தேவேந்திர மூலாச்சாரி. கட்டச் சொன்னவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், பிறந்த பெயர் கண்ணுசாமி. மதுரை நாயக்க உறவினரின் வம்சம். வாவியை அவன் 1807 இல் வெட்டினான், எட்டு வருடம்கூட நிம்மதியாகப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஆங்கிலேயர் அவனை வேலூருக்குக் கொண்டுபோனார்கள். 1832 இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் முத்துமண்டபத்தில் அவன் கல்லறை இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினரை மாளிகைக்குக் கூட்டிப் போகிற நாம் இந்தக் கதையைச் சொல்லிக் கூட்டிப் போகிறோமா?

இனிக் கொஞ்சம் ஏற்றம். நூதனசாலைக்குப் பின்னால், உடவத்தகலைக் காட்டின் ஓரமாக, ஆங்கிலேயப் படையினரின் பழைய மயானம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் நம்மவர்கள் மயானத்தையும் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள், ஆகவே இதைச் சொல்ல நான் கூச்சப்படவில்லை. கல்லறைகளில் வயதைப் படியுங்கள். இருபது, இருபத்தைந்து, கைக்குழந்தைகள். காய்ச்சலும் வாந்திபேதியும் அள்ளிக்கொண்டு போனவர்கள். யானை அடித்து இறந்தவரும் உண்டு. அங்கே ஜோன் டோயிலி கிடக்கிறார். சிங்களத்தை நன்றாகப் படித்து, உளவாளிகளை வைத்து, பிரதானிகளின் மனத்தைக் கரைத்து, 1815 ஒப்பந்தத்தை உருவாக்கிய மனிதர். வென்ற ஊரிலேயே 1824 இல் காய்ச்சலில் போனார். தோற்ற அரசன் வேலூரில் கிடக்கிறான், வென்றவர் கண்டியில் கிடக்கிறார். மகுல் மடுவவிலிருந்து இந்தக் கல்லறைக்கு நடக்கும் சில நிமிடங்களில் இந்த எண்ணம் தானாக வந்து சேரும். எந்த வழிகாட்டியும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வாவியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, நீங்கள் அறிந்தது. மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். நீர்க்காகமும் கபரகொய்யாவும் பயமில்லாமல் படுத்திருக்கும். தென்கரையில் மல்வத்தை விகாரை. ஒரு குறை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாரிஸில் இரவு பத்து மணிக்கு ஆற்றங்கரையில் தனியாக நடந்து வந்த நம் பெண்பிள்ளைகள், கண்டி வாவிக்கரையில் இருட்டிய பிறகு தனியாக நடக்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை. நாம் பொறுப்பு.

இப்போது கடைத்தெருவுக்குத் திரும்புவோம். டீ. எஸ். சேனாநாயக்க வீதியை வயதானவர்கள் இன்றைக்கும் திருகோணமலை வீதி என்றுதான் சொல்வார்கள். பெனட் சொய்சா வீதி அவர்களுக்கு இன்னும் கொழும்பு வீதி. நாயக்க அரசரின் உறவினர் குடியிருந்த குமாருப்பை வீதிக்கு ஆங்கிலேயர் மலபார் வீதி என்று பெயர் வைத்தார்கள். துணிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை, மருந்துச் சரக்குக் கடை. ஒரே கடையில் மூன்று மொழி கேட்கும். விலை கேட்பது சிங்களத்தில், பேரம் தமிழில், பில் ஆங்கிலத்தில்!

இந்த ஊரில் பிறந்தவர்தான் சித்திலெப்பை. 1838 இல் பிறந்தார், வழக்கறிஞர், 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார், 1885 இல் ‘அஸன்பே சரித்திரம்’ எழுதினார். தமிழில் வெளிவந்த முதல் நாவல்களில் ஒன்று, இலங்கைத் தமிழ் நாவலின் தொடக்கம். டப்ளின் போகிறவர்கள் ஜேம்ஸ் ஜோய்ஸ் நடந்த தெருவென்று தேடித் தேடி நடக்கிறார்கள். பிராக் போகிறவர்கள் காஃப்கா பிறந்த வீட்டுக்கு முன்னால் படம் எடுக்கிறார்கள். கண்டித் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சித்திலெப்பை என்றால் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர். அவர் இந்தத் தெருக்களில் நடந்த மனிதர் என்று யார் சொல்லிக் கொடுத்தோம்?

வெள்ளைக்காரர் இங்கே வந்து நடந்தார்கள், எழுதினார்கள். லெனாட் வூல்ஃப் 1907 இல் கண்டிக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்தார். ஹெர்மன் ஹெஸ்ஸே 1911 இல் வந்தார். டீ. எச். லோரன்ஸ் 1922 இல் வந்து, ஏரிக்கு மேலே ஒரு பங்களாவில் தங்கி, வெக்கையைச் சபித்துக்கொண்டே பெரஹரா பார்த்து, யானையைப் பற்றி ஒரு கவிதையும் எழுதினார். அவர்கள் எழுதியதை நாம் மொழிபெயர்ப்பில் படித்து மகிழ்கிறோம். நம் ஊரை நாமே நடந்து எழுதியது எவ்வளவு?

நண்பர்களே, உல்லாசமாக நடப்பதைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினேன். இந்த மண்டபத்தில் இருக்கும் பலருடைய பாட்டன் பூட்டன் இந்த ஊருக்கு எப்படி வந்தார்கள்? அவர்களும் நடந்துதான் வந்தார்கள். கோப்பித் தோட்டக் காலம். தென்னாட்டிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு இறங்கி, கங்காணியின் பின்னால், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று காட்டு வழியாக மாத்தளை வரை நடை. தண்ணீர் இல்லாத வழி. வாந்திபேதியிலும் பசியிலும் விழுந்தவர்களை வழியோரத்திலேயே விட்டுவிட்டு நடந்தார்கள். 1869 இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது, பின்னால் தேயிலை வந்தது, ஆட்கள் வருவது நிற்கவில்லை. 1914 இல் தலைமன்னாருக்கு ரயில் ஓடத் தொடங்கியபோது அந்த நடைவழியின் கதை முடிந்திருந்தது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலில் நிற்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: பிழைத்து வந்து சேர்ந்தவர்கள் கும்பிட்ட இடம் இது. நடை இன்பம் என்று நாம் சொல்ல முடிகிறதென்றால், நடக்காமலும் இருக்கலாம் என்ற வசதி நமக்கு வந்துவிட்டதால்தான். அந்த வசதியை அவர்கள் கால்கள் சம்பாதித்துக் கொடுத்தன. இதை மறந்துவிட்டு நடையைப் புகழ எனக்கு மனமில்லை.

சரி, நான் கை உயர்த்தச் சொன்ன வழிக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், ஐரோப்பாவில் நான் நடந்த எந்த வழிக்கும் இது குறைந்ததில்லை.

தவுலகலைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி எம்பெக்கவில் இறங்குங்கள். கதிர்காமக் கடவுளுக்கு, அதாவது நம் முருகனுக்கு, கம்பளை அரசர் காலத்தில் எழுந்த தேவாலயம். முன்னால் மேள மண்டபம். தூண்கள் எல்லாம் மரம். ஒவ்வொரு தூணிலும் நான்கு பக்கமும் சிற்பம். மல்லர்கள் பின்னிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு தாய் பால் கொடுக்கிறாள். அன்னங்கள் கழுத்தோடு கழுத்து முறுக்கிக்கொள்கின்றன. இருதலைப் பறவை. குதிரை வீரன். ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. பிறகு தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். இருபத்தாறு கைமரங்களை ஒரே ஓர் ஆப்பு பிடித்துக்கொண்டு நிற்கிறது! வேனில் வரும் கூட்டம் இதற்குக் கொடுக்கும் நேரம் கால் மணி. ஒரு தூணைச் சுற்றி வரவே எனக்கு அவ்வளவு நேரம் வேண்டும்.

எம்பெக்கவுக்குக் கிட்ட எலதெத்த என்ற கிராமம் இருக்கிறது. ரொபர்ட் நொக்ஸ் வாழ்ந்த இடம். 1660 இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, ஏறக்குறைய இருபது வருடம் கண்டி அரசனின் கைதியாக இருந்த ஆங்கில மாலுமி. சங்கிலி போட்ட கைதி என்று நினைக்காதீர்கள். ஊருக்குள் விட்டு வைத்திருந்தார்கள். அவர் என்ன செய்தார்? தொப்பி பின்னினார், பொட்டணம் கட்டினார், ஊர் ஊராக நடந்து விற்றார். நடந்து நடந்து நாட்டைப் படித்தார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் கூரைக்கு ஓடு போடவும் சாதாரணக் குடிக்கு அனுமதி இல்லை என்பது முதற்கொண்டு எல்லாவற்றையும் மனத்தில் எழுதி வைத்தார். 1679 இல் வடக்கே காடு வழியாக, ஆற்றோரமாகவே நடந்து, அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினார். 1681 இல் புத்தகம் வந்தது. கண்டி ராச்சியத்தின் அன்றாட வாழ்வை இன்று நாம் அறிவது பெருமளவு இந்த நடைவியாபாரியால்தான். அந்தக் காலத்தில் கண்டி பற்றி எழுதிய தூதர்கள் அரசவையைப் பார்த்தார்கள். நொக்ஸ் அடுப்படியைப் பார்த்தார்.

எலதெத்தயை நினைத்துக்கொண்டே வடக்கே நடங்கள். வயல், வரம்பு, ஓடை, கித்துள் மரம், கமுகு, வீட்டு முற்றத்தில் காயும் மிளகு. எதிரே வருபவர் கட்டாயம் எங்கே போகிறீர்கள் என்று கேட்பார். பதில் சொல்லுங்கள். தெருவோரக் கடையில் பிளேன்ரீயும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் கிடைக்கும். பிறகு ஒரு திருப்பத்தில் மரங்களுக்கு மேலே, பாறையின் உச்சியில், வெள்ளையாக லங்காதிலக விகாரை எழுந்து நிற்கும்.

பாறையில் வெட்டிய படிகளில் ஏறுங்கள். நாலாம் புவனேகபாகு காலத்தில் சேனாலங்காதிகார என்ற மந்திரி கட்டுவித்தது. கட்டிய சிற்பி ஸ்தபதி ராயர், தென்னிந்தியர். உள்ளே புத்தர். வெளிச்சுற்றில் கணபதி, கந்தகுமாரன், விஷ்ணு, விபீஷணன். பக்கத்துப் பாறையில் சாசனம். சிங்களத்தில் மட்டுமா? தமிழிலும்! 1344 ஆம் ஆண்டு, கண்டிக்குப் பக்கத்தில், பௌத்த விகாரைக்குக் கொடுத்த மானியத்தைத் தமிழிலும் பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பாறையின் முன்னால் நின்று வெயிலில் எழுத்துக் கூட்டிப் பார்க்கும் இன்பத்தை நான் எந்த ஐரோப்பிய நூதனசாலையிலும் அனுபவித்ததில்லை. இந்நாட்டில் யார் வந்தேறி, யார் பூர்வீகம் என்று மேடை மேடையாகக் கத்துகிறவர்களைக் கைப்பிடித்து இந்தப் படிகளில் ஏற்றிவிட வேண்டும். பாதிக் கத்தல் மூச்சு வாங்குவதிலேயே அடங்கிவிடும்.

அங்கிருந்து, நான் சொன்ன இரண்டு விகாரைகளில் மற்றொன்றான கடலாதெனிய. வழியில் பித்தளை வார்ப்பவர்களின் பட்டறைகள். சுத்தியல் சத்தமே வழிகாட்டும். விளக்கு, மணி, யானைத் தலை, எல்லாம் கண்ணெதிரே உருவாகும். கடலாதெனிய முழுக்கக் கல், பாறையின் மேல் கல். சிற்பி கணேஸ்வராச்சாரி, அவரும் தென்னாட்டவர். வாசல் தூண்களில் ஆடுபவர்களும் மேளகாரர்களும். தஞ்சாவூரோ மதுரையோ போய் வந்தவர் எவரும் அந்தத் தூண்களை உடனே அடையாளம் காண்பார். பாறைக் குழியில் தேங்கிய நீரில் கோபுரத்தின் நிழல் விழும். வேன்காரர் ஹோர்ன் அடிக்காத நேரமாகப் பார்த்துப் போங்கள்.

பேராதனைக்கும் நடக்கலாம். 1821 இல் தொடங்கிய 147 ஏக்கர் பூங்கா, மகாவலி ஆறு மூன்று பக்கம் சுற்றி ஓடுகிறது. எதிரே 1952 இல் வந்து சேர்ந்த பல்கலைக்கழகம், குன்றின் மேலே மாணவர்கள் கும்பிடும் குறிஞ்சிக் குமரன் கோயில். அங்கே படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சில நடைமுறைச் சொற்கள். கோயில்களில் கழற்ற வேண்டியிருப்பதால் நாடா கட்டும் சப்பாத்து வேண்டாம். குடை கட்டாயம், ஐப்பசி கார்த்திகையில் இரண்டு குடை. வெயிலில் சுட்ட பாறையில் வெறுங்காலோடு நிற்க முடியாது, பத்து மணிக்குள் லங்காதிலக ஏறிவிடுங்கள். உடவத்தகலையில் மழைக்குப் பின் அட்டை கடிக்கும், காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, கைப்பேசி காட்டும் நீலக்கோட்டை மட்டும் நம்பாதீர்கள். வாய் இருக்கிறது, கேளுங்கள். கேட்டால்தான் ஊர் பேசும்.

மாநகர சபையில் இருப்பவர்கள் யாராவது இங்கே வந்திருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கண்டி மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம். அதற்குள் நாள் முழுக்க டீசல் புகையை ஊற்றுகிறோம். அது வெளியே போக வழியில்லை. நம் பிள்ளைகள் அதைத்தான் மூச்சாக இழுக்கிறார்கள். நடைபாதையில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது, நடப்பவர் ரோட்டில் இறங்குகிறார், பஸ் அவர் முதுகில் உரசுகிறது. பள்ளிவிடும் நேரத்தில் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் பக்கம் ஒரு முதியவர் வீதி கடக்கப் படும் பாட்டைப் போய்ப் பாருங்கள். 1988 இல் யுனெஸ்கோ இந்த நகரத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மரபுச் சின்னத்தைப் பார்க்க வருகிறவன் உயிரோடு வீதியைக் கடக்க வேண்டாமா? பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. கடைத்தெருவில் ஒன்றே ஒன்றை, போயா நாட்களில் மட்டும், காலை முதல் மாலை வரை வாகனங்களுக்கு மூடிப் பாருங்கள். ஒரு வருடம் செய்து பாருங்கள். கடைக்காரர்கள் திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள்.

உங்களிடம் கேட்பது அதைவிடச் சிறியது. வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு எம்பெக்க வாசலில் நான் நிற்பேன். அங்கிருந்து லங்காதிலக, பிறகு கடலாதெனிய, மத்தியானத்துக்குள் கண்டி வீதிக்கு இறங்கிவிடுவோம். சிங்களம் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் பழைய தமிழ் எழுத்துப் பழக்கம் உள்ளவர் ஒருவரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். வர விரும்புகிறவர்கள் வாசலில் கொப்பியோடு நிற்கும் தம்பியிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். மழை பெய்தாலும் நடப்போம்.